மடையடியில் கேட்டதும் தரவுதான்

வாசகர் கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்; கட்டுரைப் பிரதியும் அனுப்பியிருந்தார்):

"எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு மதுரையில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்கள் கடந்த 40 ஆண்டுகளில் எந்தெந்த வருடம் நிறைந்தன, எந்த மாதம் வற்றின என்பது என் ஆய்வு. செயற்கைக்கோள் படங்களில்தான் ஆரம்பித்தேன். மழைக்காலப் படங்களில் பெரும்பாலும் மேகம். அந்த இடைவெளியை நிரப்ப ஊர் ஊராகப் போய், கண்மாய்த் தண்ணீரைத் திறந்து பங்கிடும் நீர்பாய்ச்சிகளிடம் கேட்டேன். 11 கண்மாய், 23 பேர். கட்டுரையை ஒரு நீரியல் ஆய்விதழுக்கு அனுப்பினேன். 'வாய்மொழிச் செய்தி தரவு ஆகாது' என்று திருப்பிவிட்டார்கள். சமூக அறிவியல் இதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். 'பாதிக் கட்டுரை படச் செயலாக்கம், நேர்காணல்கள் மேலோட்டம்' என்று அங்கேயும் திரும்பியது. டாக்டோரல் கமிட்டியில் ஒரு பேராசிரியர், நேர்காணல்களை எடுத்துவிட்டால் ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்கிறார். இரண்டு துறைக்கு நடுவே நிற்கும் ஆய்வை எப்படித்தான் எடைபோடுகிறார்கள்? நாளைக்கு எந்தத் துறையில் வேலை கேட்பது? நேர்காணல்களை எடுத்துவிடட்டுமா?"
— மேலூர் வட்டத்து வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எடுக்காதீர்கள். ஆறு மாதத்தில் முடிக்கலாம் என்றவர் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார். உதவித்தொகை எப்போது நிற்கும், வீட்டில் எப்போது கேள்வி வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் நேர்காணல்களை எடுத்துவிட்டால் உங்கள் கையில் என்ன மிஞ்சும்? மேகம் இல்லாத நாட்களில் மட்டும் கண்மாய் எப்படி இருந்தது என்ற ஒரு பட்டியல். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கண்மாய் பெருகும்போதுதான் வானம் மூடிக் கிடக்கிறது. விடை எந்த நாட்களில் இருக்கிறதோ அந்த நாட்களையே வெட்டி எறிந்துவிட்டு ஆய்வை முடித்ததாக ஆகும்.

நான் நிலத்தடி நீர் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆய்வேடுகளைத் திருத்தியிருக்கிறேன், நிதி கேட்டு வரும் திட்டங்களை மதிப்பிடும் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி ஒரு குழுவில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கட்டுரைக்கு நடந்ததும் அதுதான். ஒரு கிராமத்தில் ஃபுளோரைடு மிகுந்த கிணறு. பக்கத்திலேயே நல்ல தண்ணீர்க் குழாய். இருந்தும் பல வீட்டுப் பெண்கள் கிணற்றுக்கே போகிறார்கள். ஏன் என்பதுதான் ஆய்வு. நான் வேதியியல் பக்கத்தை மட்டும் படித்தேன். தண்ணீர் மாதிரிகளின் எண்ணிக்கை குறைவு, புதிய பகுப்பாய்வு முறை எதுவும் இல்லை என்று எழுதிக் குறைந்த மதிப்பெண் போட்டேன். சமூகவியல் தெரிந்த இன்னொருவர் தன் பக்கத்தை மட்டும் படித்தார். வீடுகளின் எண்ணிக்கை போதாது, கருத்தாக்கம் வலுவாக இல்லை என்று அவரும் குறைத்தார். இருவரும் நேர்மையாகத்தான் செய்தோம். சேர்ந்து அந்தத் திட்டத்தைக் கொன்றுவிட்டோம். அந்தக் கேள்விக்கு எத்தனை கிணறு புழக்கத்தில் இருந்ததோ அத்தனை மாதிரி போதும் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அந்த ஆய்வாளரிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. இன்றும் அது மனதில் கிடந்து உறுத்துகிறது.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. கணக்கே அப்படி அமைந்திருக்கிறது. ஒரே துறைக்குள் எழுதப்பட்ட திட்டத்தை இரண்டு பேர் படித்தால், இருவரும் முழுவதையும் படிக்கிறார்கள். நல்ல திட்டம் என்றால் இருவரிடமும் பத்துக்கு ஒன்பது வாங்கும். துறையிடை ஆய்வை இருவர் படித்தால், ஆளுக்குப் பாதி படித்து, அந்தப் பாதி தன் துறையின் முழு ஆய்வுக்கு நிகராக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருக்காது. ஆளுக்கு ஆறு போடுவார்கள். சராசரி ஆறு. இரண்டு பாதியும் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு யாரும் மதிப்பெண் போடவே இல்லை.

இது என் அனுபவம் மட்டுமல்ல. ஆஸ்திரேலிய ஆய்வு மன்றத்திடம் ஐந்து ஆண்டுகளில் நிதி கேட்டு வந்த 18,476 விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்து, 2016-இல் 'நேச்சர்' இதழில் ஒரு பகுப்பாய்வு வந்தது. விண்ணப்பதாரர்கள் தங்கள் ஆய்வு எந்தெந்தத் துறையில் எத்தனை சதவீதம் என்று தாங்களே குறித்திருந்தார்கள். அந்தத் துறைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஒரு விண்ணப்பம் எவ்வளவுக்கு எவ்வளவு துறை கடந்ததோ, அவ்வளவுக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது. துறையிடை ஆய்வுதான் நாட்டுக்குத் தேவை என்று மேடைதோறும் பேசப்படும் காலத்தில்தான் இது. நம் நாட்டிலும் 2020 கல்விக் கொள்கையிலிருந்து அதே பேச்சுத்தான். ஆகவே இரண்டு இதழ்கள் திருப்பியதை வைத்து உங்கள் ஆய்வு தரம் குறைந்தது என்று முடிவு கட்டாதீர்கள். அதற்காக, திருப்பியவர்கள் சொன்னதெல்லாம் தவறு என்றும் இருந்துவிடாதீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, எதை எடைபோட வேண்டும்? நீங்கள் கண்மாய்க் கரைகளில் நடந்தவர், உங்களுக்கு உடனே புரியும். மண்கரை தனியாக உறுதியாக இருக்கலாம், தண்ணீர் திறக்கும் மடையின் கல்கட்டுமானமும் தனியாக உறுதியாக இருக்கலாம். கசிவு தொடங்குவது பல நேரம் மண்ணும் கல்லும் ஒட்டும் இடத்தில். கரையைச் சோதிக்கப் போகிறவர் அங்கேதான் முதலில் குனிந்து பார்ப்பார். துறையிடை ஆய்வையும் அந்த ஒட்டில்தான் சோதிக்க வேண்டும். ஒரு துறை மட்டும் தனியாக இந்தக் கேள்விக்கு விடை தந்திருக்க முடியுமா? முடியாது என்றால், ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கைமாறும் இடத்தில் பிழை எவ்வளவு நுழைகிறது, அதை ஆய்வாளர் அளந்திருக்கிறாரா?

நம் வாசலிலேயே உதாரணம் இருக்கிறது. மதுரையிலிருந்து 12 கிலோமீட்டரில் கீழடி. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்று அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வுக்கூடத்துக்குப் போய், கி.மு. 580 என்ற காலம் வந்ததாகத் தமிழகத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. விலங்கு எலும்புகளைப் புனே டெக்கான் கல்லூரியில் ஆராய்ந்தார்கள். அந்த "580" என்ற எண்ணை எந்தத் துறை எடைபோடும்? இயற்பியல் தெரிந்தவர் கார்பன் அளவீட்டின் துல்லியத்தைப் பார்ப்பார். அதை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் வளைகோடு ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரை தட்டையாகக் கிடக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். உலகில் எந்த ஊரில் தோண்டினாலும் அந்தக் காலத்து மாதிரிக்கு அதனால் வரும் ஆண்டு வீச்சு அகலமாகத்தான் இருக்கும். தொல்லியலாளர் வேறு கேள்வி கேட்பார்: அந்தக் கரி எந்த அடுக்கில் கிடந்தது, எலிவளை வழியாகவோ குழி வழியாகவோ மேலிருந்து கீழே இறங்கியதா, பழைய மரத்தின் வைரத்தை எரித்த கரியா? மரம் எரிந்த வருடமும் அதன் நடுவைரம் வளர்ந்த வருடமும் ஒன்றல்ல. முதல் கேள்விக்கு நூற்றுக்கு நூறு வாங்கி, இரண்டாவதில் சறுக்கினால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. மாறினாலும் அப்படியே. அடுக்கில் இருந்து ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி கைமாறிய அந்த ஒட்டுத்தான் முழு எடையையும் தாங்குகிறது. இரு கேள்வியையும் ஒரே மேசையில் கேட்கத் தெரிந்தவர்களே அதை மதிப்பிட முடியும்.

இன்னொன்று இன்னும் பக்கத்தில், மதுரை அண்ணா நகரில். நீரிழிவால் விழித்திரை கெடுவதைக் கணினியே படத்தில் பார்த்துச் சொல்லும் முறையைக் கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டார்கள். அதற்கான படங்களில் ஒரு பகுதி அரவிந்த் கண் மருத்துவமனை உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளிலிருந்து போனவை. 1,28,175 படங்கள். அவற்றைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க 54 கண் மருத்துவர்கள் பார்த்துத் தரம் பிரித்தார்கள், ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு முறை வரை. ஏன் அத்தனை முறை? ஒரே படத்தை இரண்டு மருத்துவர்கள் பார்த்தால் ஒரே பதில் வருவதில்லை. அந்த வேறுபாட்டை அவர்கள் மறைக்கவில்லை. அளந்து, அதன்மேல் கட்டினார்கள். பிறகு அரவிந்திலேயே, நடப்பு நோயாளிகளிடம் சோதித்தும் பார்த்தார்கள்.

இதை உங்கள் மதிப்பீட்டாளருக்கு நினைவூட்ட வேண்டும். 54 மனிதர்கள் தங்கள் பயிற்சியையும் பழக்கத்தையும் வைத்துச் சொன்ன தீர்ப்பை "தரவு ஆகாது" என்று யாரும் தள்ளவில்லை. ஏன்? எத்தனை பேர், எத்தனை முறை, எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்று எழுதியிருந்தது. நாற்பது வருடம் மடையடியில் நின்று தண்ணீர் திறந்தவரும் பயிற்சி பெற்ற கண்ணுடையவர்தான். அவர் சொன்னதை நீங்கள் எப்படி அளந்தீர்கள் என்பது உங்கள் கட்டுரையில் இருக்கிறதா? நீங்கள் அனுப்பிய பிரதியில் அது நான்கு வரியில் முடிந்துவிடுகிறது. "முதியவர்களிடம் கேட்டு உறுதி செய்யப்பட்டது" என்ற வாக்கியம் ஒரு நீரியலாளரை எப்படித் திருப்தி செய்யும்? அவர் உங்களைத் திருப்பியதில் பாதி நியாயம் இங்கே இருக்கிறது.

ஆகவே இதைச் செய்யுங்கள். இதுதான் இந்தப் பதிலில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

முதலில், படம் எங்கே தோற்கிறது என்று வெளிப்படையாக எழுதுங்கள். 1984-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5 செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். சின்னக் கண்மாயின் ஓரப் புள்ளிகளில் பாதி நீர், பாதி கரை. 16 நாளுக்கு ஒருமுறைதான் அது அதே இடத்துக்குத் திரும்பும், திரும்பும் நாளில் மேகம் என்றால் ஒரு மாதம் போச்சு. நீர் அகச்சிவப்பை விழுங்கிக் கருப்பாகத் தெரியும், செடி அதைத் திருப்பி அனுப்பும். அதனால் சீமைக்கருவேலும் ஆகாயத்தாமரையும் மூடிய கண்மாய், முழங்கால் தண்ணீர் நின்றாலும், படத்தில் தரையாகத் தெரியும். இயற்பியல் படித்த நீங்கள் இதை எழுதினால் யாரும் மறுக்க முடியாது. நீர்பாய்ச்சியிடம் போனதற்கான காரணம் இயற்பியலிலிருந்தே பிறந்துவிடும்.

அடுத்து, நீர்பாய்ச்சிகளைச் சோதியுங்கள். விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆண்டுகளைக் கேளுங்கள். 2014-இல் ஏவப்பட்ட சென்டினல் 1 ரேடார் வகை, மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். அதற்குப் பிந்தைய மழைக்காலங்களில் எந்தக் கண்மாய் எப்போது பெருகியது என்று ரேடாரில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். (கருவேல் அடர்ந்த இடத்திலும், காற்றில் நீர் அலையடிக்கும் நாளிலும் ரேடாரும் தடுமாறும், அதையும் குறியுங்கள்.) பிறகு, இருவரும் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்காதபடி, ஒரு கண்மாய்க்கு இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். எத்தனை வருடம் ரேடாரோடு ஒத்தது, எத்தனை வருடம் தங்களுக்குள் ஒத்தார்கள் என்று எண்ணுங்கள். ஒன்று கவனம்: அண்மை நினைவு பழைய நினைவைவிடக் கூர்மையானது. அதனால் இந்தச் சோதனையில் வரும் தேர்ச்சியை அப்படியே 1980-களுக்கு ஏற்றிவிடக் கூடாது. பழைய ஆண்டுகளிலும் தை, மாசியில் வானம் தெளிந்த படங்கள் சில கிடைக்கும். அவற்றை வைத்தும் சோதியுங்கள். ஒத்துப்போகாத ஆண்டுகளை மறைக்காதீர்கள். அட்டவணையில் அவையும் இருக்கட்டும். மதிப்பீட்டாளரின் நம்பிக்கையைச் சம்பாதிப்பவை அந்த வரிகள்தான்.

வருடத்தைக் கேட்கும் முறையும் முக்கியம். "87-இல் நிறைந்ததா?" என்றால் யாருக்கு நினைவிருக்கும்? "எம்.ஜி.ஆர். இறந்த மார்கழியில் கலுங்கு போனதா, மிகுந்த தண்ணீர் வெளியே வழிந்ததா?" என்றால் ஆள் நிமிர்ந்து உட்காருவார். 1987 டிசம்பர் 24. அந்த மாதம் யார் வீட்டில் என்ன நடந்தது, வயல் எந்த நிலையில் இருந்தது என்பதெல்லாம் கோத்துக்கொண்டு வரும். உங்கள் பக்கத்தில் நினைவைக் கட்டிவைக்க இன்னொரு அருமையான முளை இருக்கிறது: மீன்பிடித் திருவிழா. கண்மாய் வற்றி முழங்காலளவுக்கு வந்ததும் ஊர் கூடி இறங்கும் நாள். எந்த வருடம் நடந்தது, எந்த வருடம் நடக்கவே இல்லை என்பதை ஆண்களைவிடச் சிறுவயதில் கூடையோடு இறங்கிய பெண்கள் துல்லியமாகச் சொல்வார்கள். கோடையில் வானம் தெளிவு, படம் கிடைக்கும். படமும் நினைவும் சந்திக்கும் இடம் அது. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாதது எனக்கு வியப்பு.

இப்போது சமூக அறிவியல் இதழின் பக்க நியாயத்துக்கு வருகிறேன். "நேர்காணல்கள் மேலோட்டம்" என்றது சரிதான். "நிறைந்தது" என்று 23 பேர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஒருவருக்கு நிறைந்தது என்றால் மறுகால் பாய்ந்தது, அதாவது மிகுந்த தண்ணீர் வெளியே வழிந்தது. இன்னொருவருக்கு ஒரு போகத்துக்குப் போதும் என்பது. கள்ளந்திரிக்குக் கீழே மேலூர் வரை ஒருபோகப் பாசனம். பெரியாறு தண்ணீர் எப்போது திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இந்தச் சொல்லின் பொருளே மாறும். ஆகவே கண்ணால் கண்ட ஒன்றைக் கேளுங்கள்: கலுங்கு வழிந்ததா, எத்தனை நாள், மேல்மடையில் எந்தப் படி மூழ்கியது. பிறகு, யாரைக் கேட்கவில்லை என்று பாருங்கள். நீர்பாய்ச்சி தண்ணீர் பங்கிட்ட பொறுப்பாளர். கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத வருடத்தை அவர் நல்ல வருடம் என்றே நினைவு வைத்திருக்கலாம், கடைமடைக்காரர் அப்படிச் சொல்லமாட்டார். அந்த வேலை எந்தக் குடும்பத்துக்கு, எந்தச் சாதிக்கு வழிவழியாக வந்தது, யார் முன்னால் உட்கார்ந்து பேசினார் என்பதெல்லாம் பதிலை மாற்றும். இதைப் படிக்கத்தான் சமூக அறிவியல் இருக்கிறது. அந்தத் துறையிடம் வெறும் விடை நிரப்பும் வேலை மட்டும் வாங்கினீர்கள், அதன் ஐயங்களை வாங்கவில்லை. அதுதான் அவர்களைக் கோபப்படுத்தியிருக்கிறது.

இவ்வளவும் செய்தபின் கட்டுரையைத் திருப்பி எழுதுங்கள். முதல் பத்தியிலேயே, இந்தக் கேள்விக்குப் படம் மட்டும் ஏன் போதாது, நினைவு மட்டும் ஏன் போதாது என்று சொல்லிவிடுங்கள். நீரும் சமூகமும் சேர்ந்த ஆய்வுகளுக்கென்றே இப்போது இதழ்கள் இருக்கின்றன. கடைசி இரண்டு ஆண்டு இதழ்களைப் புரட்டி, உங்களைப் போல இரு முறையையும் கலந்த கட்டுரைகள் எத்தனை வந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து அனுப்புங்கள். இதழின் நோக்கக் குறிப்பில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பதிப்பாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் மூன்று பேரைப் பரிந்துரையுங்கள்: செயற்கைக்கோள் படங்களை ஆராயும் தொலையுணர்வு தெரிந்தவர் ஒருவர், கள ஆய்வு தெரிந்தவர் ஒருவர், இரண்டையும் சேர்த்துச் செய்தவர் ஒருவர். மூன்றாமவர் வெளிநாட்டவராக இருந்தாலும் தேடிப் பிடியுங்கள். "முதல் இருவரும் தத்தம் பகுதியைப் பார்க்கும்போது, இரண்டும் இணையும் பகுதியை மூன்றாமவர் பார்த்தால் நன்று" என்று பணிவாக, ஆனால் தெளிவாக எழுதுங்கள். பதிப்பாசிரியர்களுக்கும் இது உதவிதான். யாரிடம் அனுப்புவது என்று தெரியாமல்தான் பல கட்டுரைகள் தவறான மேசையில் போய் விழுகின்றன.

ஆய்வேட்டுக்கும் இதுவே. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2022 முனைவர் பட்ட விதிமுறைப்படி, துறையிடை ஆய்வுக்குத் தேவைப்பட்டால் வெளியிலிருந்து இணை நெறியாளரைச் சேர்க்க இடமுண்டு. உங்கள் நெறியாளரிடம் பேசி, வரலாறோ சமூகவியலோ தெரிந்த ஒருவரை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டைக் கட்டி முடித்தபின் சேர்ப்பதில் பயனில்லை. ஆய்வேட்டை நெறியாளரோடு குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் மதிப்பிட வேண்டும் என்பது விதி. தேர்வாளர் பெயர்ப்பட்டியல் தயாராகும்போது நெறியாளர் இரு பக்கத்தையும் நினைவில் வைத்தால், பிறகு வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் வரும் பாதிச் சிக்கல் இப்போதே தீரும். பெயர்களை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் "இந்த ஆய்வை மதிப்பிட என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்" என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி நெறியாளரிடம் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கமிட்டியில் எடுத்துவிடச் சொன்ன பேராசிரியரிடமும் அந்தச் சோதனை அட்டவணையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வாதாட வேண்டாம். எண்களைப் பார்த்தால் அவரே கேள்வியை மாற்றிக்கொள்ள வாய்ப்புண்டு.

வேலை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதில் இனிப்பாக எதுவும் சொல்ல முடியாது. யூஜிசியின் 2018 ஆசிரியர் நியமன விதிமுறையில் உள்ள ஆய்வுப் புள்ளி அட்டவணையில் அறிவியல் கட்டுரைக்கு அடிப்படையாக 8 புள்ளி, மொழி, கலை, சமூக அறிவியல் கட்டுரைக்கு 10. உங்களுடையது எந்தக் கட்டம்? அட்டவணை அதைச் சொல்லவில்லை. இருவர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். இருவருக்கு மேல் என்றால் முதல் அல்லது முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்கு ஆளுக்கு 30. படம் பார்த்தவர், களம் போனவர், ஆவணம் புரட்டியவர் என்று மூவர் சேர்ந்தால் அறிவியல் கட்டுரையில் இருவருக்குத் தலைக்கு 2.4 அடிப்படைப் புள்ளி. கூட்டாக உழைத்தால்தான் நடக்கும் ஆய்வுக்கு இந்த அட்டவணை தண்டனை கொடுக்கிறது, அதை மாற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரிட்டன் 2021-இல் தன் பல்கலைக்கழக ஆய்வுகளை மதிப்பிட்டபோது, ஒவ்வொரு துணைக்குழுவிலும் துறையிடை ஆய்வைக் கவனிப்பதற்கென்றே குறைந்தது இரண்டு பேரை வைத்தார்கள். இங்கே அது வரும் வரைக்கும் நீங்கள் காத்திருக்க முடியாது. விதிகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பதால், விண்ணப்பிக்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று அறிவிப்பிலேயே பாருங்கள். முதன்மை ஆசிரியர் யார் என்பதைக் கட்டுரை எழுதத் தொடங்கும்போதே மற்ற இருவரிடமும் பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேசினால் மனஸ்தாபம்.

இம்பாக்ட் ஃபேக்டர் பற்றியும் பயந்திருக்கிறீர்கள். ஓர் இதழின் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதே அது. இதழைப் பற்றிய எண், உங்கள் கட்டுரையைப் பற்றியதல்ல. ஆளை எடைபோட அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவான, ஆய்வு மதிப்பீடு பற்றிய அறிக்கையே சொல்கிறது. துறைக்குத் துறை மேற்கோள் பழக்கம் வேறு என்பதால் உங்களுக்கு அது இன்னும் பொருந்தாது. இதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

பல கல்லூரிப் பணி அறிவிப்புகளில் முதுகலைப் பாடம்தான் முதல் சல்லடை. உங்களுடையது இயற்பியல். அந்தக் கதவைச் சாத்திவிடாதீர்கள். கருவேல் மூடிய நீரைப் படத்தில் கண்டுபிடிப்பது தனியாகவே ஒரு நல்ல இயற்பியல் கேள்வி. அதை முறையியல் கட்டுரையாகத் தனியே எழுதுங்கள். ஒரே ஆய்வைத் துண்டு போட்டுப் பட்டியலை நீட்டுவதாக ஆகாது, கேள்வியே வேறு. கூடவே புவி அறிவியல், சுற்றுச்சூழல் அறிவியல், புவியியல் ஆகியவற்றில் எந்தத் தகுதித் தேர்வை உங்கள் முதுகலையோடு எழுத முடியும் என்பதை அந்தந்த அறிவிக்கையில் பார்த்து, ஒன்றுக்கு இப்போதே தயாராகுங்கள். பெரிய கட்டுரை, கண்மாயும் மனிதரும் சேர்ந்தது, அதன் வேகத்தில் வரட்டும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் பேசியவர்களில் மூன்று பேர் எண்பதைத் தாண்டியவர்கள் என்றும், அதில் ஒருவருக்கு இப்போது உடம்பு சரியில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள், அம்மா. ரேடார் படம் எங்கும் போய்விடாது, அடுத்த மாதமும் இறக்கிக்கொள்ளலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போங்கள். ஒலிப்பதிவுக்கு அனுமதி கேட்டுக்கொண்டு, எம்.ஜி.ஆர். இறந்த மார்கழியிலிருந்து ஆரம்பியுங்கள்.